வைத்தியர் கற்கும் பாடமும் வீட்டார் கற்கும் பாடமும்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். யுத்தத்தின் வெவ்வேறு காலங்களில் தமிழ்க் குடும்பங்களும் இக்கரையோரத்துக்கு வந்து சேர்ந்தன. 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினர். பலர் இங்கேயே வேரூன்றிவிட்டனர்.

அன்று நாற்பது வயதில் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். பிறர் நிலத்தில் வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் கூலிக்குப் போய்க் குடும்பத்தை நிமிர்த்திய தலைமுறை அது. இப்போது அத்தலைமுறை கிளினிக் வாங்கில் காத்திருக்கிறது. கையிலே ஒரு கொப்பி. பையிலே பல நிற மாத்திரைகள்.

நாடு முழுவதிலும் இதே மாற்றம் நிகழ்கிறது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012இல் அது 12.4 ஆயிற்று. அதன்பின் மேலும் உயர்ந்துள்ளது. இத்தனை முதியோரைப் பராமரிக்க நம் வைத்தியர்கள் ஆயத்தமாக இருக்கிறார்களா? அவர்களை ஆயத்தப்படுத்த உலகின் பல இடங்களில் இணைய வீடியோ மூலம் பாடம் நடத்தப்படுகிறது. அது எப்படி நடக்கிறது, அதனால் நமக்கு என்ன பயன், அதில் நமக்கு என்ன பங்கு என்பதை இப்பாடத்தில் சிந்திப்போம்.

1. வைத்தியர் ஏன் மறுபடியும் கற்கவேண்டும்?

பிள்ளை வைத்தியம் தனியொரு துறை என்பதை எல்லாரும் அறிவோம். முதியோர் வைத்தியமும் அவ்வாறே தனித்துறை. 1909இல் நியூயோர்க் நகரில் இக்னற்ஸ் நாஷர் என்னும் வைத்தியர் இத்துறைக்கு முதன்முதலில் ஒரு பெயர் சூட்டினார். 1935இல் லண்டனுக்கு அருகே மார்ஜரி வொரன் என்னும் பெண் வைத்தியர், இனி எழும்பமாட்டார்கள் என்று கட்டிலில் விடப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான முதியோரை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, பலரை நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினார். தமிழகத்தில் 1978இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோருக்கென ஒரு வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான மேற்படிப்பு ஆரம்பமானது. நம் நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் முதியோர் மருத்துவத்தில் பாடநெறி நடத்துகிறது. எனினும் கிராமப்புற வைத்தியசாலைகளில் முதியோரைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இவ்விசேட பயிற்சி இல்லாத பொது வைத்தியர்களே.

அதனால் என்ன குறை என்று கேட்கலாம். முதியவரின் உடம்பு நோயை வேறு விதமாகக் காட்டுகிறது என்பதே பதில். இளைஞனுக்குச் சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கினால் உடம்பு கொதிக்கும், இருமல் வரும். எண்பது வயது மூதாட்டிக்குக் காய்ச்சல் காயாமலே இருக்கலாம். அவர் சாப்பாட்டை ஒதுக்குவார், தடுமாறி விழுவார், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசுவார். மாரடைப்புக்கூட நெஞ்சுவலி இல்லாமல் வரக்கூடும். இதைக் கற்காதவர் 'வயது போய்விட்டது, அப்படித்தான்' என்று சொல்லிவிட இடமுண்டு. நாமும் வீட்டில் அதையே சொல்கிறோம். மாற்றக்கூடிய ஒரு நோய் இப்படி வயதின் பெயரால் மறைந்துபோகிறது.

2. திரையில் நடக்கும் வகுப்பு

கிராமத்து வைத்தியர் படிப்பதற்காக ஆறு மாதம் கொழும்புக்குப் போனால் அவருடைய நோயாளரை யார் பார்ப்பது? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் டாக்டர் சஞ்ஜீவ் அரோரா. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் ஈரல் நோய் நிபுணராக இருந்தவர். ஹெப்பற்றைற்றிஸ் சி என்னும் ஈரல் நோயாளர் தம்மிடம் வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருந்து நெடுந்தூரம் பயணஞ்செய்ததை அவர் கண்டார். 2003இல் 'எக்கோ' என்னும் திட்டத்தை ஆரம்பித்தார்.

அதன் முறை எளிமையானது. குறித்த நேரத்தில் பல ஊர்களின் வைத்தியர்களும் தாதியரும் வீடியோத் திரை மூலம் ஒன்றுகூடுவர். முதலில் ஒரு நிபுணர் சுருக்கமாகப் பாடம் சொல்வார். பின்பு ஒரு கிராமத்து வைத்தியர், நோயாளியின் பெயரைச் சொல்லாமல், தம்மிடம் வந்த ஒருவரின் நிலையை எடுத்துரைப்பார். எல்லாரும் கேள்வி கேட்டு ஆராய்வர். நிபுணர் ஆலோசனை கூறுவார். மருந்து கொடுப்பவர் கிராமத்து வைத்தியரே.

இதனால் தரம் குறைந்ததா என்பதையும் பரிசோதித்தார்கள். 2011இல் வெளியான ஆய்வில் 407 நோயாளர் சேர்க்கப்பட்டனர். பல்கலைக்கழக வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றோரில் 57.5 வீதத்தினர் குணமடைந்தனர். இத்திட்டத்தில் கற்ற கிராமப்புற வைத்தியர்களிடமும் சிறைச்சாலை வைத்தியர்களிடமும் சிகிச்சை பெற்றோரில் 58.2 வீதத்தினர் குணமடைந்தனர். தூரத்திலிருந்து கற்றவர் கைகுறைந்தவரல்லர் என்பது இதனால் தெளிவாயிற்று.

முதியோர் பராமரிப்புக்கும் இம்முறை வந்தது. பொஸ்டன் நகரின் ஒரு வைத்தியசாலை நிபுணர்கள், முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பணியாளரோடு வீடியோ மூலம் கலந்து பேசினர். ஞாபகம் மங்கி, கோபித்து, கத்தி, இரவில் எழுந்து திரியும் முதியோரைப் பற்றியே பெரும்பாலும் ஆராய்ந்தனர். 2016இல் வெளியான ஆய்வின்படி, இப்பாடத்தில் சேர்ந்த இல்லங்களில் முதியோரைக் கட்டிவைப்பது ஏனைய இல்லங்களைவிட 75 வீதம் குறைவு. மனநோய் மருந்து கொடுத்து அடக்குவது 17 வீதம் குறைவு. ஒரு முதியவரின் கை கட்டப்படாமல் இருப்பது சிறிய காரியமன்று.

நமக்கு அண்மையில், கேரளத்தின் திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003இல் நிறுவிய 'பாலியம் இந்தியா' என்னும் அமைப்பு, தீராத நோயாளரின் வலியைத் தணிக்கும் பராமரிப்பை இதே முறையில் வைத்தியருக்கும் தாதியருக்கும் கற்பிக்கிறது. 2020இல் கொவிட் பரவியபோது நம் நாட்டிலும் வைத்தியர்களுக்கான விரிவுரைகள் பல இணையத்துக்கு மாறின. ஆகவே இது நமக்கு எட்டாத காரியமன்று.

3. வீடியோ எதைக் கற்பிக்கும், எதைக் கற்பிக்காது?

முதியோர் வைத்தியத்தைக் கற்பிக்க வீடியோ மிகப் பொருத்தமானது. ஒருவர் கதிரையிலிருந்து எப்படி எழுகிறார், திரும்பும்போது எத்தனை அடி வைக்கிறார், கேள்விக்கு விடை சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பவற்றைப் புத்தகத்தில் வாசித்து அறிவது கடினம். கண்ணால் கண்டால் எளிதில் விளங்கும். திரும்பத் திரும்பப் பார்க்கவும் முடியும்.

ஆனால், பார்ப்பதெல்லாம் கற்பதாகாது. தோட்டச் செய்கை பற்றிய வீடியோவைப் பார்த்தவர் எல்லாரும் வெங்காயம் விளைவிப்பதில்லை. நம் மண்ணையும் நம் தண்ணீரையும் அறிந்தவரே விளைவிக்கிறார். வைத்தியரும் தம் நோயாளியைக் கொண்டுவந்து கேள்வி கேட்டு, ஆலோசனையைச் செய்து பார்த்து, மறுபடியும் வந்து பேசினால்தான் பாடம் கைவசமாகும். 'எக்கோ' முறையின் பலமும் இதிலேயே இருக்கிறது.

வேறொரு இடரும் உண்டு. ஓரிடத்தில் எடுக்கப்பட்ட வீடியோ இன்னோரிடத்துக்கு அப்படியே பொருந்தாது. ஞாபகசக்தியைச் சோதிக்க 'இன்று என்ன திகதி?' என்று கேட்கும்படி பல வீடியோக்கள் காட்டுகின்றன. பாடசாலைக்குப் போகாத நம் மூதாட்டி திகதியைச் சொல்லமாட்டார். ஆனால் நோன்பு எப்போது ஆரம்பிக்கும், எந்தத் திருநாள் எப்போது வரும், எந்த மாதம் நாற்று நடுவார்கள் என்று பிழையின்றிச் சொல்வார். அவரை 'ஞாபகம் இழந்தவர்' என்று எழுதிவிடுவது அநீதி. இக்குறையைத் திருத்தவென்று 1998இல் '10/66' என்னும் ஆய்வுக்குழு உருவானது. ஞாபகமறதி நோயாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் (நூற்றுக்கு 66) வறிய நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் நூற்றுக்கு 10 கூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதையே அப்பெயர் சுட்டுகிறது. எழுத்தறிவில்லாத முதியோரிடமும் நியாயமாகப் பயன்படுத்தக்கூடிய சோதனை முறையை அக்குழு வகுத்தது. சென்னையும் வேலூரும் அவ்வாய்வு நடந்த இடங்களுள் அடங்கும்.

மொழியும் இத்தகையதே. சிங்களம் மட்டும் அறிந்த இளம் வைத்தியர், தமிழ் மட்டும் அறிந்த முதியவர். இடையே காத்திருக்கும் நீண்ட வரிசை. இந்நிலையில் எத்தனை நல்ல வீடியோ பார்த்தவராயினும், விடை கிடைக்காவிட்டால் வைத்தியர் என்ன செய்வார்? இங்கேதான் வீட்டாரின் பங்கு தொடங்குகிறது.

4. வைத்தியருக்குக் கற்பிக்கப்படும் நான்கு விடயங்கள்

முதியவர் ஒருவரைப் பார்க்கும்போது நான்கு விடயங்களை மறவாமல் ஆராயவேண்டும் என்று இன்று வைத்தியர்களுக்குப் போதிக்கப்படுகிறது. 2017இல் அமெரிக்காவில் தொடங்கிய முதியோர்நேய வைத்தியசாலை இயக்கம் இந்நான்கையும் பரப்பியது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. விடை நம் வீட்டில் இருக்கிறது.

(அ) முதியவருக்கு எது முக்கியம்? ஒருவர் நீண்டகாலம் வாழ விரும்பலாம். இன்னொருவர் தாமே எழுந்து குளித்து, தொழுகைக்கோ பூசைக்கோ நடந்து போனால் போதும் என்பார். சிகிச்சை அதற்கேற்ப மாறும். பிள்ளைகள் தாமாகவே முடிவு செய்யாமல், உம்மாவிடமும் அப்பாவிடமும் முதலில் கேட்கவேண்டும்.

(ஆ) என்னென்ன மருந்து? முதியவரின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். 1991இல் மார்க் பியர்ஸ் என்னும் வைத்தியர், முதியோருக்கு ஆகாத மருந்துகளின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அது இன்றும் காலத்துக்குக் காலம் திருத்தப்படுகிறது. தடிமனுக்கும் கடிக்கும் நாம் கடையில் கேட்டு வாங்கும் பிரிட்டன் போன்ற குளிசைகள் முதியவருக்கு மயக்கத்தையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கலாம். மூட்டு வலிக்கு நாட்கணக்கில் போடும் டைக்ளோபெனக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அரசாங்க கிளினிக்கில் ஒரு மருந்து, தனியார் டிஸ்பென்சரியில் அதே மருந்து வேறு பெயரில். இரண்டையும் சேர்த்து விழுங்குவோரும் உண்டு. ஆகவே கிளினிக் மருந்து, கடை மருந்து, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே பையிலிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். எதையும் நாமாக நிறுத்துவதும் ஆபத்து. கேட்டபின்பே மாற்றவேண்டும்.

(இ) மனம் எப்படி? ஞாபகமறதி நோய் மாதங்களாகவும் வருடங்களாகவும் மெல்ல வளரும். ஓரிரு நாளில் வரும் குழப்பம் வேறு. அதற்குச் சிறுநீர்க் கிருமி, நெஞ்சுச் சளி, தண்ணீர் குறைவு, சீனி இறங்குதல், புதிய மருந்து போன்ற ஏதோவொரு காரணம் இருக்கும். இது அவசர நிலை. பேய், செய்வினை என்று நாளைக் கடத்தலாகாது. '1990' என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்சை அழைக்கலாம். 'எப்போதிருந்து இப்படி?' என்ற கேள்விக்கு நாள் சொல்லக்கூடியவர் வீட்டார் மாத்திரமே. அந்த ஒரு விடையே உயிரைக் காக்கலாம். மனச்சோர்வையும் மறக்கலாகாது. ஊரையும் வீட்டையும் இழந்தவர் பேசாமல் மூலையில் இருப்பதை நாம் முதுமையென்று எண்ணுகிறோம். அது சிகிச்சை செய்யக்கூடிய நோயாகவும் இருக்கலாம்.

(ஈ) நடமாட்டம் எப்படி? 'கடந்த ஒரு வருடத்தில் விழுந்தாரா?' என்று வைத்தியர் கேட்கவேண்டும். முதியவர் வெட்கத்தால் மறைப்பார், நாம் சொல்லவேண்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழுவோர் பலர். அவர்கள் கட்டிலோரத்தில் சிறிது நேரம் இருந்து பின்பு எழவேண்டும். மலசலகூடத்துக்குப் போகும் வழியில் வெளிச்சமும், பிடிப்பதற்கு ஒரு கம்பும் பல விழுதல்களைத் தடுக்கும்.

5. வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட முதியோர் பராமரிப்புக் கைந்நூலில், சுகாதார ஊழியர் கிராமத்திலேயே செய்யக்கூடிய எளிய சோதனை உண்டு. அதைத் தழுவியதே கீழே வருவது.

ஞாபகம்: பூ, கதவு, அரிசி என்னும் மூன்று சொற்களைச் சொல்லி, சிறிது நேரத்தின்பின் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். இன்று எந்த நாள், இருக்குமிடம் எது என்றும் கேளுங்கள்.

நடமாட்டம்: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்திருக்கச் சொல்லுங்கள். 14 செக்கனுக்குள் முடியவேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். தனியே எழ இயலாதவரிடம் இதைச் செய்யவேண்டாம்.

போசாக்கு: கடந்த மூன்று மாதங்களில் காரணமின்றி 3 கிலோவுக்கு மேல் மெலிந்தாரா? பசி குறைந்ததா? தராசு இல்லாவிட்டால் சாரத்தின் கட்டும் சட்டையின் தளர்வும் சொல்லும்.

கண்: தூரத்தில் பார்ப்பதிலோ கிட்டத்தில் பார்ப்பதிலோ சிரமம் உண்டா? சீனி வருத்தம், பிரஷர் உள்ளவரா?

காது: அவர் உங்கள் வாயைப் பார்க்காதபடி பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில் சொல்வதைக் கேட்கிறாரா? கேளாதவரை நாம் பலவேளை 'குழம்பியவர்' என்கிறோம்.

மனநிலை: கடந்த இரண்டு வாரங்களாக மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறாரா? முன்பு விரும்பியவற்றில் நாட்டமில்லையா?

ஏதாவதொன்றில் குறை தெரிந்தால் அது நோய் என்று முடிவு கட்டவேண்டாம். கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பதே அதன் பொருள்.

6. கொப்பியின் மதிப்பு

சொந்த ஊரில் இருந்தபோது, அப்பாவைச் சிறுவயது முதல் அறிந்த ஒரு வைத்தியரோ அப்போதிக்கரியோ இருந்திருப்பார். இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளோடு மருந்துத் துண்டுகளும் அந்த அறிமுகமும் போய்விட்டன. இங்கே வரும் வைத்தியர்களும் சில வருடங்களில் இடமாற்றம் பெறுவர். ஆகவே நம் முதியவரைத் தொடர்ந்து அறிந்தவர் வைத்தியசாலையில் ஒருவருமில்லை. குடும்பமும் கொப்பியுமே அந்தத் தொடர்பு.

ஒரு கொப்பியின் முதற் பக்கத்தில் பழைய நோய்கள், சத்திரசிகிச்சைகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் இப்போதைய மருந்துகள். பின்பு ஒவ்வொரு மாதமும் மேலே கூறிய நான்கு விடயங்களும், விழுந்த நாட்களும். பாடசாலையில் சிங்களம் படிக்கும் பேரப்பிள்ளை அதைச் சிங்களத்திலும் இரண்டு வரியில் எழுதிக்கொடுக்கலாம். வரிசையில் கிடைக்கும் சில நிமிடத்தில் இந்தப் பக்கமே நமக்காகப் பேசும்.

கைத்தொலைபேசியும் உதவும். உம்மா எப்படி நடக்கிறார், இரவில் எப்படிக் குழம்புகிறார் என்பதை அரை நிமிடம் வீடியோ எடுத்து வைத்தியரிடம் மட்டும் காட்டலாம். முதியவரின் சம்மதம் கேட்டே எடுக்கவேண்டும். அவரால் சொல்ல முடியாத நிலையில் குடும்பத்தின் மூத்தவர் தீர்மானிக்கவேண்டும். உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்புவது அவருடைய மானத்தைக் கெடுக்கும்.

இந்நான்கையும் வைத்தியர் திரையின் முன்னிருந்து கற்கிறார். நாம் திண்ணையிலிருந்து கற்கிறோம். கேட்கத் தெரிந்த வைத்தியரும் சொல்லத் தெரிந்த வீட்டாரும் சந்திக்கும்போதே முதியவருக்கு நன்மை விளைகிறது.

கலந்துரையாடலுக்கு

(முதியோர் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றின் கூட்டங்களில் பயன்படுத்தலாம். முதியோரையும் வட்டத்தில் அமர்த்துங்கள். அவர்களே முதலில் பேசட்டும்.)

1. 'வயது போனால் அப்படித்தான்' என்று நாம் விட்டுவிட்ட நோய்கள் எவை? அவற்றுள் சிகிச்சையால் மாறியவை உண்டா?

2. நம் வீட்டு முதியவர் தமக்கு எது முக்கியம் என்று சொல்கிறார்? நாம் நினைத்ததும் அதுவா?

3. வைத்தியசாலையில் மொழியால் ஏற்பட்ட சிரமங்கள் எவை? நம் கிராமத்தில் இரு மொழியும் அறிந்த எந்த இளைஞர்கள் கிளினிக் நாளில் முறைவைத்து உதவ முன்வருவர்?

4. நம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தித்து, முதியோர் பராமரிப்புப் பற்றிய வீடியோப் பாடங்களில் இங்குள்ள வைத்தியர்களும் தாதியரும் சேர வழி செய்யுமாறும், தமிழ் பேசும் முதியோரின் நிலைகளையும் அங்கே ஆராயுமாறும் கேட்போமா? யார் போவது? எந்த நாள்?

செய்கை: அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பியை ஆரம்பித்து, மருந்துப் பையை ஒருமுறை கொட்டி எண்ணிப் பாருங்கள். எத்தனை விதமான மருந்து இருந்தது, அவற்றுள் எதற்கென்று தெரியாதவை எத்தனை என்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள்.